நூற்று முப்பது என்னும் அழகான எண்

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் முழங்கால் வலியைக் காட்ட எங்கள் மருத்துவமனைக்கே போயிருந்தேன். மின்தூக்கி வாசலில் ஷாலினி என்னைப் பிடித்துக்கொண்டாள். என் கடைசி வருடங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த தாதி. இப்போது அவளுக்குக் கீழே ஆறு பேர்.

"ராஜிக்கா! கரெக்ட் டைம்ல வந்தீங்க லா. நியூ மெஷின் வந்திருக்கு, ட்ரெயினிங் ரூம்லதான் வச்சிருக்காங்க. பாத்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு வளைகோடு, அதன் நடுவில் ஒரு பச்சைப் பட்டை. நோயாளியின் ரத்த அழுத்தம் அந்தப் பட்டைக்குள் இருந்தால், அவருடைய மூளை தன் ரத்த ஓட்டத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது என்று அர்த்தம். பட்டை ஆளுக்கு ஆள் இடம் மாறும். இவருக்கு எது சரியான அழுத்தம் என்று மெஷினே மணிக்கணக்கில் கவனித்துச் சொல்லிவிடும்.

"இது இல்லாம அப்பல்லாம் எப்படிக்கா மேனேஜ் பண்ணீங்க?" என்று கேட்டாள் ஷாலினி.

"கையத் தூக்கச் சொல்லி மேனேஜ் பண்ணோம்."

அங்கிருந்த நான்கு பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் ஏதோ ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்து சேரும்வரை எனக்கு உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இருந்தது. சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அடித்துக்கொள்ள எனக்கு விஷயம் இருக்கிறது.

முப்பத்து நான்கு வருடம் தாதியாக இருந்தேன். அதில் இருபத்தாறு வருடம் மூளைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரித்தோம், திட்டு வாங்கினோம், காலில் வெடிப்பு வந்தது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா மட்டும் ஊரெல்லாம் "எம்பொண்ணு மிஸ்ஸியாகப் போகுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தக் காலத்து ஆட்களுக்குத் தாதி என்றால் மிஸ்ஸிதான்.

நான் உண்மையிலேயே வேலை கற்றுக்கொண்டது டாக்டர் கோவிடம். எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர். ஒல்லியான மனிதர், குரல் உயராது. அவர் பேசுவது முழுக்க ஆங்கிலம். இங்கே என் தமிழில் சொல்கிறேன். அவருடைய கோட்டுப் பையில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு சின்ன ரசமட்டமும் இருக்கும். ஆமாம், கொத்தனார்கள் சுவருக்கு வைத்துப் பார்ப்பார்களே, அதேதான்.

அது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நோயாளிகளுக்கு மணிக்கட்டு ரத்தக் குழாயில் ஊசி போட்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயை இழுத்து, தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியில் இணைப்போம். அதிலிருந்துதான் ரத்த அழுத்தம் திரைக்கு வரும். மற்ற பிரிவுகளில் அந்தக் கருவியை இதயத்தின் மட்டத்தில் வைப்பார்கள். எங்கள் நோயாளிகளின் தலையை உயர்த்தி வைத்திருப்போம். தலை இதயத்தைவிட ஒரு சாண் மேலே இருக்கும். இதய மட்டத்தில் அளந்தால் திரையில் எண் அழகாகத் தெரியும், ஆனால் மூளைக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. அதனால் கருவியைக் காதுத் துளையின் மட்டத்தில் வைக்கவேண்டும். கண்ணால் பார்த்து வைத்தால் கோவுக்குப் பிடிக்காது. ரசமட்டத்தை எடுத்துக் காதுக்கும் கருவிக்கும் நடுவே பிடிப்பார். குமிழி நடுவில் நின்றால் அடுத்த வேலை. நகர்ந்தால் நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் இருபத்தாறு வருடமும் குமிழியை நடுவில் நிறுத்தினேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு படுக்கையிலும் இரண்டே கேள்வி. "திரை என்ன சொல்கிறது? ஆள் என்ன சொல்கிறார்?" முதல் கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருந்தால், அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பி வந்து அதே கேள்வியை மறுபடி கேட்பார். அதற்குள் நாம் ஆளைப் பார்த்திருக்கவேண்டும்.

ஆளைப் பார்ப்பதற்கு எங்களிடம் இருந்த கருவி கைதான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்வோம். பத்து எண்ணுவோம். மூளை நன்றாக இருந்தால் கை அப்படியே நிற்கும். ஒரு பக்கத்துக்கு ரத்தம் போதவில்லை என்றால், அதற்கு எதிர்ப்பக்கத்துக் கை மெல்ல இறங்கும். இதற்கு மின்சாரமே வேண்டாம்.

இனி செல்லதுரை விஷயத்துக்கு வருகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு நடந்தது. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்த ஆள், நாற்பத்தொரு வயது, கப்பல் பட்டறையில் சாரத்தில் ஏறி வேலை செய்பவர். சாரத்திலிருந்து விழுந்து, தலையின் இடது பக்கத்தில் ரத்தம் கட்டிவிட்டது. அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள். வந்தபோது ரத்த அழுத்தம் இருநூறைத் தொட்டது. அடிபட்டவர், வலி, பயம், ஏறத்தான் செய்யும் என்று எல்லோரும் நினைத்தோம். முன்பு ஏதாவது நோய் உண்டா என்ற கேள்விக்கு, கூட வந்த அறைத்தோழர் முருகேசன் இல்லை என்று சொல்லி, அப்படியே பதிவாகியிருந்தது.

அழுத்தம் ஏறினால் தைத்த இடத்தில் மறுபடி ரத்தம் கசியும். அதனால் மேல் எண்ணை நூற்று நாற்பதுக்குக் கீழே வைக்கச் சொல்லி உத்தரவு. பம்ப்பில் அழுத்தத்தை இறக்கும் மருந்து சொட்டுச் சொட்டாகப் போகும். கூட்டுவதும் குறைப்பதும் தாதியின் கை. அந்தக் கலையில் என்னை மிஞ்ச எங்கள் பிரிவில் ஆள் கிடையாது. நூற்று முப்பதில் கொண்டுவந்து நிறுத்தினேன், ஆடாமல் அசையாமல். மற்ற தாதிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சுவாசக் குழாயை எடுத்தார்கள். ஆனால் செல்லதுரை விழிக்கவில்லை. கூப்பிட்டால் முனகுவார். இடது கை என் விரலைப் பிடிக்கும். வலது கையைத் தூக்கிவிட்டால் மூன்று எண்ணுவதற்குள் மெத்தையில் கிடக்கும். ஸ்கேன் எடுத்தார்கள், புதிதாக ரத்தக் கசிவு இல்லை. வலிப்போ என்று சோதித்தார்கள், அதுவும் இல்லை. "அடி பலம், நேரம் எடுக்கும்" என்றார்கள். எண் அழகாக இருந்தது. ஆள் மங்கிக்கொண்டே போனார்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, உடம்பு துடைப்பதற்காக அவரைப் புரட்டினோம். புரட்டும்போது யாருக்கும் அழுத்தம் ஏறும். திரையில் நூற்று அறுபத்தெட்டு. நான் மருந்தைக் கூட்டக் கையை நீட்டினேன். அப்போது செல்லதுரை கண்ணைத் திறந்து, தெளிவாக, "தண்ணி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செல்லதுரை, வலது கையத் தூக்குங்க!" என்றேன். தூக்கினார். ஐந்து எண்ணும்வரை நின்றது. கால் மணி நேரத்தில் அழுத்தம் தானாகவே நூற்று முப்பதுக்கு இறங்கியது. கூப்பிட்டால் மறுபடி முனகல்தான்.

தற்செயலோ என்னவோ என்று உடன் இருந்த தாதி சொன்னாள். தற்செயல் ஒரு தடவை வரும். நான் கையுறைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அன்று காலை முழுக்க அதன் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு பக்கம் அழுத்தம், இன்னொரு பக்கம் கை எத்தனை எண்ணும்வரை நின்றது என்று. இருமல் வந்து அழுத்தம் ஏறினால் கை நிற்கிறது. இறங்கினால் விழுகிறது. ஒன்பது தடவை பார்த்தேன், ஒன்பது தடவையும் அப்படித்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூளை தன் ரத்தத்தைத் தானே அளந்து எடுத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் தன் குழாய்களைச் சுருக்கும், இறங்கினால் விரிக்கும். சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் குளியலறையில் நாம் பிடியைத் திருகிக்கொள்கிறோம் அல்லவா, அதுபோல. ஆனால் திருகுவதற்கு ஓர் எல்லை உண்டு. வருடக்கணக்கில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குக் குழாய்கள் தடித்து, அந்த எல்லையே மேலே ஏறிவிடும். மற்றவர்களுக்கு நல்ல அழுத்தம் அவர்கள் மூளைக்குப் பஞ்சம். செல்லதுரை அப்படிப்பட்டவர் என்றால், நான் என் கையால் மூன்று நாளாக அவர் மூளையைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அவருக்கு நோயே இல்லை என்று பதிவு சொல்கிறது. ஆதாரம் இல்லாமல் அழுத்தத்தை ஏற்றச் சொன்னால், தைத்த இடத்தில் ரத்தம் கசிந்து ஆள் போய்விடலாம். மதிய இடைவேளையில் முருகேசனின் எண்ணுக்கு அழைத்தேன்.

"தம்பி, செல்லதுரைக்குப் பிரஷர் உண்டா?"

"இல்லக்கா. இரும்பு மாதிரி ஆளுக்கா அவன்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அத்தனை வேகமாக வரும் பதிலை நான் நம்புவதில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஃபேரர் பார்க் திடலில் நண்பர்களோடு இருப்பதாகச் சொன்னார். மூன்றரைக்கு வேலை முடிந்ததும் சீருடையை மாற்றிக்கொண்டு ரயில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் திடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புல்லே தெரியாத அளவுக்கு ஆட்கள். ஊருக்குப் பேசுகிறவர்கள், பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள், துண்டை விரித்துத் தூங்குகிறவர்கள். நான் போனில் பேசிக்கொண்டே தேடினேன். என்னைப் பார்த்ததும் முருகேசன் சட்டென்று எழுந்து நின்று கையில் இருந்த பரோட்டாப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இங்கயே வந்துட்டீங்களாக்கா..."

"நீங்க போன்ல பொய் சொன்னா நான் நேர்லதான் வரணும்."

"பொய்யெல்லாம் இல்லக்கா."

"எங்கப்பாவும் கப்பல் பட்டறைதான். மெடிக்கலுக்கு முன்னாடி நீங்கல்லாம் என்னென்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். நான் கம்பெனி ஆளு இல்ல. சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உயரத்துல ஏறுறவங்களுக்குப் பிரஷர் பாப்பாங்கக்கா. இருக்குன்னா ஏத்தமாட்டாங்க, ஊருக்கு அனுப்பிடுவாங்க. அவன் மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி மாத்திரை போட்டுக்குவான். பாஸானதும் நிறுத்திடுவான். எல்லாரும் பண்றதுதான்."

"எத்தன வருசமா?"

"நான் வந்ததுலேர்ந்து பாக்குறேன். அவனுக்குப் பதினோரு வருசம் இருக்கும்."

"மாத்திரை போடாதப்ப எவ்ளோ இருக்கும்?"

"ஒருதரம் தலவலின்னு ரூமுல மிஷின வச்சுப் பாத்தோம். நூத்தித் தொண்ணூறு காட்டுச்சு. மிஷின் கெட்டுப்போச்சுன்னு சிரிச்சான்."

நான் கைப்பேசியை எடுத்தேன். முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, எழுத்துல போட்டீங்கன்னா அவன் வேலை போயிடும். பொண்ணு காலேஜுல சேந்து ரெண்டு மாசந்தான் ஆவுது. எந்திரிச்சு வந்து என்னையக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"எந்திரிச்சு வந்து கேக்கட்டும். மொதல்ல எந்திரிக்கட்டும்!" என்று கத்திவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் விழித்துப் பார்த்தார்கள். பிறகு குரலைத் தணித்து, கம்பெனியிடம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், டாக்டரிடம் மட்டும் சொல்லவேண்டும் என்றேன். முருகேசன் கையை விட்டார். அங்கேயே, அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, டாக்டர் கோவைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டார். "யார் சொன்னது?" என்றார். அறைத்தோழர் என்றேன். "அது கேள்விப்பட்ட கதை" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு, "ஆனால் கதை சரியாக இருந்தால், இத்தனை வருடக் கொதிப்பில் இதயச் சுவர் தடித்திருக்கும். வந்து பார்க்கிறேன்" என்றார். அன்று அவருக்கு விடுமுறை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் படுக்கையருகே இருந்தார். செல்லதுரையின் மார்பில் ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைக் காட்டினார். எனக்கே தெரிந்தது, இதயச் சுவர் விரல் தடிமனுக்கு இருந்தது. பதினோரு வருடப் பொய்யை அந்த இதயம் ஒளிக்கவில்லை. நான் கையுறைப் பெட்டி மூடியை நீட்டினேன். ஒன்பது வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். "அறுவை செய்தவரிடம் பேசிவிட்டேன். ஏற்றுவோம். கசிந்தால் அது என் பொறுப்பு" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் ரசமட்டத்தை எடுத்துக் காது மட்டத்தைப் பார்த்தார், குமிழி நடுவில். நான் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஒவ்வொரு தடவை குறைத்ததும் தலைக்கட்டில் ரத்தம் கசிகிறதா, கண்மணி விரிகிறதா என்று பார்ப்போம். நூற்று நாற்பது. ஒன்றும் இல்லை. நூற்று ஐம்பது. ஒன்றும் இல்லை. விடுமுறையில் இருந்தவரை வரவழைத்துவிட்டு நான் நினைத்தது தப்பாகிவிட்டால்? நூற்று ஐம்பத்தெட்டில் கண் திறந்தது. நூற்று அறுபத்தைந்தில் நான் கையை நீட்டச் சொன்னேன்.

இரண்டு கையும் எழுந்தன. கோ வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். ஏழில் வலது கை இறங்கியது.

"அக்கா, நான் எங்க இருக்கேன்?" என்றார் செல்லதுரை.

கோ எழுந்தார். பாராட்டு என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வராது, அன்றும் வரவில்லை. அந்தக் கையுறைப் பெட்டி மூடியை எடுத்து நோயாளியின் கோப்பில் முதல் பக்கத்தில் வைத்து, அதன் ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு இந்த வேலையில் மூன்று விருது கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கட்டிகள், வீட்டில் தூசி படிந்து நிற்கின்றன. அந்த அட்டைத் துண்டு எனக்குக் கிடைத்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

இரண்டு நாளில் அவரைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே மாத்திரை கொடுத்து, வாரக்கணக்கில் அழுத்தத்தை மெல்ல இறக்கியதாகக் கேள்வி. எங்கள் பிரிவில் கண் விழிக்கும் ஆட்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பெரும்பாலும் எங்களுக்குத் தெரியாது. படுக்கை காலியானதும் அடுத்த ஆள் வந்துவிடுவார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க்கில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ, "இந்தக்காதான்டா" என்றது காதில் விழுந்தது. திரும்பினேன். முருகேசன். பக்கத்தில் செல்லதுரை, தழும்பின் மேல் முடி வளர்ந்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாயெல்லாம் பல்லாக "நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"நீங்கதானாக்கா அது? எதுக்குக்கா சொன்னீங்க?" ஆத்திரத்தோடு ஓர் அடி முன்னால் வந்தார். "பதினோரு வருசமா ஒருத்தனுக்குத் தெரியாம வச்சிருந்தேன். ஆஸ்பத்திரிப் பேப்பர கம்பெனி டாக்டரு படிச்சுட்டான். இனிமே நீ மேல ஏறக்கூடாதுன்னுட்டான். செவ்வாக்கிழம எனக்குப் பிளைட்டுக்கா! எம்பொண்ணு படிப்பு என்னாவுறது? ஊருல போயி நான் யாரு மூஞ்சில முழிப்பேன்?"

கம்பெனியிடம் நான் பேசவில்லை, அது சத்தியம். ஆனால் நான் சொன்னதுதான் கோப்பில் ஏறியது, அதுவும் சத்தியம். சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் இங்கே நின்று கேட்டிருக்கமாட்டீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண்ணின் படிப்பு நினைவுக்கு வந்தது, நிறுத்திக்கொண்டேன். அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

முருகேசன் "விடுறா, விடுறா" என்று அவர் தோளைப் பிடித்தார். செல்லதுரை அந்தப் பிடியை உதறிவிட்டு, கையை நேராக என் முகத்துக்கு முன்னால் நீட்டி, விரலை ஆட்டி, இன்னும் சத்தமாகக் கேட்டார். கடைக்காரரும் வாங்க வந்தவர்களும் எங்களையே வேடிக்கை பார்த்தார்கள்.

நீட்டியது வலது கை.

இருபத்தாறு வருடப் பழக்கம், நான் என்ன செய்வேன்? ஒரு வார்த்தை குழறவில்லை, ஒரு எழுத்து தடுக்கவில்லை, அத்தனை சுத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையைப் பார்த்தபடி மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஐந்து, ஆறு, ஏழு. ஏழைத் தாண்டியதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டு பொறுக்காமல் அழுகிறேன் என்று கடைக்காரர் நினைத்திருப்பார். எட்டு. ஒன்பது. பத்து.

இம்மியும் இறங்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. நான் பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே நின்றேன்.